தொடாமல் பறப்போம்

விமானத்தை ஓட்டுவது வேறு, தொடுவது வேறு. இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியவில்லை என்றால் நீங்கள் வான்பயண நம்பிக்கை வாரியத்தில் உறுப்பினராக இல்லை என்று அர்த்தம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். பாதித் தலை நரைக்கும்வரை விமானம் ஓட்டிய கேப்டனுக்கே அது லேசில் புரியவில்லை.

வாரியம் முளைத்தது சாரதி வந்த பிறகு. சாரதி என்பது விமானத்தைத் தானே ஓட்டிக்கொள்ளும் இயந்திர மூளை. நல்ல மூளைதான். கேப்டனைவிட நேராகப் பறக்கும், கொட்டாவி விடாது, சம்பள உயர்வு கேட்காது. கேப்டனுக்கு அதன்மேல் ஒரு பகையும் இல்லை. ஆனால் சாரதியை யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட ஆள் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வாரியம், வாரியத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஏழாவது மாடியில் ஓர் அறை, அந்த மாடிக்குப் போக ஒரு லிஃப்ட். லிஃப்டுக்குள் பொத்தானை அழுத்த ஒரு ஆள். தானாக ஓடும் லிஃப்டில் தனியாக ஏறினால் தலைவருக்கு நெஞ்சு படபடக்கும்.

விதிகள் எளிமையானவை. விமானம் கிளம்பும் முன் கேப்டன் எழுந்து நின்று "தொடாமல் பறப்போம்" என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். பிறகு உட்கார்ந்து, சீருடையின் முழங்காலில் வெள்ளை நூலால் தைத்திருக்கும் கை வடிவங்களின்மேல் தன் கைகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். இடம் மாறினால் மணி அடிக்கும். அப்புறம் ஒலிபெருக்கியில், "பயணிகளே, உங்கள் விமானத்தைக் கேப்டன் ஓட்டுகிறார்" என்று அறிவிக்க வேண்டும். மனிதன் ஓட்டாத விமானத்தில் ஏற மாட்டோம் என்று கருத்துக் கணிப்பில் பயணிகள் அடம்பிடித்ததால் வந்த ஏற்பாடு இது. ஆக, சட்டப்படி ஓட்டுவது கேப்டன். எங்காவது மோதினால் பொறுப்பும் கேப்டன். தொட்டால் மட்டும் குற்றம்.

முன்பெல்லாம் பக்கத்தில் துணை விமானி ஒருவர் இருப்பார். தொடாமல் இருக்க ஒருவர் போதுமே என்று அவரை எடுத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் அதிக நேரம் தொடாமல் இருந்தவருக்குத் 'தொடாச் செம்மல்' விருது உண்டு. போன வருடம் வாங்கியவர் மேடையில் ஏறி, பெரும்பாலும் தூங்கிவிடுவேன் என்று உள்ளதைச் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கேப்டன் விதிகளை மீறும் ஜாதி இல்லை. உட்காரச் சொன்னால் உட்காருவார், நிற்கச் சொன்னால் நிற்பார். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போதுகூடச் சில நாள் கை ஒரு கணம் தயங்கும். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். "குழாய் ஒண்ணும் புகார் குடுக்காது, திறங்க" என்பாள்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு நாள் தொட்டுவிட்டார்.

நடந்தது இதுதான். அவர் போய்ச் சேர வேண்டிய விமான நிலையத்தில் பக்கம் பக்கமாக இரண்டு ஓடுபாதைகள். வலது பாதையைப் பெயர்த்துப் போட்டு மராமத்து செய்துகொண்டிருந்தார்கள். இடது பாதையில் இறங்குங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லிவிட்டது. ஆனால் சாரதி கோபுரத்தை நம்பாது, தன் வரைபடத்தைத்தான் நம்பும். வரைபடத்தில் ஒரு கோடு மாற வேண்டும் என்றாலும் வாரியத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். தலைவரோ அப்போது கடல் கடந்து ஒரு நம்பிக்கை மாநாட்டில் பேசிக்கொண்டிருந்தார். எனவே சாரதியைப் பொறுத்தவரை வலது பாதை பளிங்கு மாதிரி கிடந்தது. நீளமும் அதுதான் அதிகம். அழகாக மூக்கைத் திருப்பி அதை நோக்கி இறங்கியது.

கேப்டன் கண்ணாடி வழியே பார்த்தார். பாதையின் நடுவே ஒரு மஞ்சள் ரோடு ரோலர் நின்றது. அதன் நிழலில் ஓர் ஆள் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் முதலில் சாரதியிடம் முறைப்படி சொன்னார். "வலது பாதை திறந்திருக்கிறது" என்றது சாரதி. மறுபடி சொன்னார். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. ரோலரின் சக்கரம் தெரிந்தது. நிழலில் இருந்தவர் டீக் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. கேப்டனின் கைகள் முழங்காலை விட்டுத் தாமாகக் கிளம்பின. பிடியைப் பற்றி விமானத்தை இடது பாதைக்குத் திருப்பினார், இறக்கினார், நிறுத்தினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பயணிகள் வழக்கம்போல வரிசையை முறித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

கேப்டன் கீழே இறங்கும்போதே வாரியத்தின் ஆள் காத்திருந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. மறுநாளிலிருந்து சக விமானிகள் அவரைத் 'தொட்டவர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்னால் கேலியாகவும், பின்னால் கொஞ்சம் பொறாமையாகவும்.

விசாரணை ஏழாவது மாடியில் நடந்தது. மூன்று பேர். நடுவில் தலைவர். விமானத்துக்கு வருவதற்கு முன் அவர் சாக்கடை வாரியத்தில் தலைவராக இருந்தவர். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான், எல்லாம் தங்குதடையின்றிப் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பார். வலது பக்கம் சாரதியைப் பற்றி எல்லாம் தெரிந்த நிபுணர். இடது பக்கம் மனநல ஆலோசகர் அம்மாள்.

"தொட்டது உண்மையா?" என்றார் தலைவர்.

"உண்மைதான் சார். தொடலேன்னா மோதியிருக்கும்."

"மோதிச்சா?"

"இல்ல சார்."

"மோதலைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்புறம் எதுக்குத் தொட்டீங்க?"

தலைவர் பொறுமையாக விளக்கினார். "பாருங்க, நான் நியாயமான ஆள். ஒரு விபத்து நடந்து, அதுல நீங்க தொட்டிருந்தா, தொட்டதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு நானே எழுதுவேன். விபத்தே நடக்காதப்ப உங்களை எப்படி நான் காப்பாத்தறது?"

நிபுணர் கனைத்துக்கொண்டார். "சாரதி கடைசி நொடியில அதுவே பாத்துக்கும். எத்தனையோ ஆயிரம் மணி நேரம் பழகின மூளை. நீங்க அந்தக் கடைசி நொடியை வரவே விடலை. அதுக்கு ஒரு வாய்ப்பே குடுக்கலை."

"கடைசி நொடி வர்றதுக்குள்ள தொட்டாத்தான் சார் திருப்ப முடியும்."

"அது மனுஷங்களோட கடைசி நொடி" என்றார் நிபுணர். அவர் குரலில் இரக்கம் இருந்தது.

ஆலோசகர் அம்மாள் முன்னால் சாய்ந்தாள். "சின்ன வயசுல எதையாவது தொடாதேன்னு வீட்டுல கண்டிப்பா சொல்லியிருக்காங்களா?"

"அடுப்பைத் தொடாதேன்னு சொல்வாங்க மேடம்."

"தொட்டீங்களா?"

"ஒரு தடவை."

அம்மாள் மற்ற இருவரையும் அர்த்தத்தோடு பார்த்தாள். மூவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

ரோலர்காரர் சாட்சியாக வந்திருந்தார். நல்ல சட்டையும் அதற்குப் பொருந்தாத செருப்புமாக, கூடத்தின் கம்பளத்தில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். "விமானம் என்மேல வந்துச்சுங்க. நான் ஓடினேன். இவர் திருப்பலேன்னா நான் இன்னிக்கு இங்க இல்ல" என்றார்.

"உங்க மேல மோதிச்சா?" என்றார் தலைவர்.

"மோதியிருந்தா எப்படிங்க வருவேன்?"

"அப்ப நீங்க பாதிக்கப்பட்டவர் இல்லை. பாதிக்கப்படாதவங்க சாட்சி எங்களுக்குத் தேவையில்லை. போகலாம்."

ரோலர்காரர் போகும்போது கேப்டனின் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார். அதையும் ஒரு தொடுதலாகக் குறித்துக்கொண்டார்கள்.

உணவு இடைவேளைக்குப் பிறகு தலைவர் தீர்ப்பைச் சொன்னார். கேப்டன் தொடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை. அதை நிரூபிக்க ஒரே வழி, அதே விமானம், அதே நிலையம், அதே ரோலர், அதே கேப்டன், ஆனால் தொடாமல். அது மோதினால் கேப்டன் குற்றமற்றவர். மோதாவிட்டால் லைசென்ஸ் ரத்து. வாரியம் விமானத்தில் நேரில் வந்து பார்த்து முடிவு செய்யும்.

கேப்டன் இரண்டு தடவை யோசித்துப் பார்த்தார். "சார், மோதினா நாம நாலு பேரும் அதுக்குள்ளதான் இருப்போம்" என்றார்.

"நம்பிக்கை இல்லாமப் பேசாதீங்க" என்றார் தலைவர்.

அன்று சாயந்திரம் மனைவி முழுக்கதையையும் கேட்டாள். பிறகு சொன்னாள். "எங்க ஆஸ்பத்திரியில நோயாளி பிழைச்சுட்டா, எதுக்கு மருந்து குடுத்தேன்னு யாரும் கேக்கறதில்லைங்க. வேண்டாம். லைசென்ஸை மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வந்துடுங்க."

"எனக்கு வேற என்னடி தெரியும்?" என்றார் கேப்டன். பறப்பது அவருக்குப் பிழைப்பு மட்டும் இல்லை. சாரதி வந்த பிறகு வருடக்கணக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுகூட, மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கலாமே என்பதற்காகத்தான். லைசென்ஸ் போனால் அந்த நாற்காலியும் போய்விடும். மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒத்திகை நாள் வந்தது. இதற்குள் வரைபடம் திருத்தப்பட்டுவிட்டது. நியாயமான சோதனைக்காக நிபுணர் அதைப் பழைய தப்புக்கே மாற்றிவைத்தார். ரோலரை இழுத்து வந்து பழைய இடத்தில் நிறுத்தினார்கள். ரோலர்காரரும் பழையபடி நிழலில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்று உத்தரவு போயிற்று. அவர் வந்தார், பார்த்தார், சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "என் சார்பா இது இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பனியனோடு கோபுரத்தின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு அந்த நிலையத்தில் தெளிவாக இருந்த மூளை அது ஒன்றுதான்.

விமானத்தில் காலி இருக்கைகளைத் தவிர யாரும் இல்லை. துணை விமானியின் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். பின்னால் மடக்கு இருக்கைகளில் நிபுணரும் அம்மாளும். கேப்டன் இந்த முறை கைகளை முழங்காலில் வைத்தால் போதாது, தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார வேண்டும் என்று அம்மாள் ஆலோசனை சொன்னாள். உட்கார்ந்தார். பாதி வழியிலேயே விரல்கள் மரத்துவிட்டன.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!" என்றார் தலைவர். "மனுஷன் தலையிடாத இடத்துலதான் அமைதி. சாக்கடையிலும் நான் இதைத்தான் சொன்னேன். ஆளுங்களை இறக்காதீங்க, அதுவே போகும்னு."

"போச்சா சார்?" என்று கேட்டார் கேப்டன்.

"நான் அதுக்குள்ள மாற்றலாகி வந்துட்டேன்."

நிலையம் தெரிந்தது. சாரதி மூக்கைத் திருப்பியது, அதே வலது பாதைக்கு. மஞ்சள் ரோலர் முதலில் பொட்டாகத் தெரிந்தது, பிறகு டப்பாவாக, பிறகு ரோலராகவே. நாற்காலியில் மாட்டிய சட்டை காற்றில் கையை ஆட்டியது.

"நம்பிக்கை…" என்று ஆரம்பித்த தலைவர் நிறுத்திக்கொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அது பாத்துடுச்சுல்ல?" என்று பின்னால் திரும்பினார்.

"கடைசி நொடி இன்னும் வரலை சார்" என்றார் நிபுணர். ஆனால் அவர் இருக்கையின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"தொடுய்யா!" என்று தலைவர் கத்தினார். "தொடு, தொடு, தொடு!"

அவர் கத்துவதற்கு முன்பே கேப்டனின் கைகள் வெளியே வந்துவிட்டன. மரத்த விரல்களால் பிடியை இழுத்து, எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தார். விமானம் அலறிக்கொண்டு எழும்பியது. ரோலரின் கூரைக்குச் சற்று மேலே கடந்து போனார்கள். சட்டை நாற்காலியோடு பறந்தது.

மேலே போய் விமானம் நிதானமானது. தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், பிறகு டையைச் சரிசெய்தார். டை சரியானதும் தலைவர் திரும்பி வந்துவிட்டார்.

"வாரியத்தின் மூன்று உறுப்பினர்களும் இங்க இருக்கறதால கூட்டம் ஆரம்பிக்கிறது" என்றார். "முதல் தீர்மானம். சோதனையில் மோதல் எதுவும் நடக்கவில்லை. எனவே சாரதிமேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆமோதிக்கிறவங்க?"

இரண்டு கைகள் உயர்ந்தன.

"இரண்டாவது. கேப்டன் வாரியத்தின் கண்ணெதிரே மறுபடியும் தொட்டிருக்கிறார். அவரது லைசென்ஸ் ரத்து செய்யப்படுகிறது."

"நீங்கதானே சார் தொடச் சொன்னீங்க?"

"அது பயணியா சொன்னது. இது தலைவரா சொல்றது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

கேப்டனுக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கும் ஒரு தகுதியான ஆள் வேண்டும். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "எப்பலேர்ந்து சார் ரத்து?"

"உடனடியாக" என்றார் தலைவர். எந்த உத்தரவையும் அந்தச் சொல்லில் முடிப்பது அவருக்குப் பழக்கம்.

"சரிங்க சார்" என்றார் கேப்டன். பிடியிலிருந்து கைகளை எடுத்தார். தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"வணக்கம்" என்றது சாரதி. "கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டேன். வலது பாதையில் இறங்குகிறேன். அது திறந்திருக்கிறது."

விமானம் ஒயிலாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. தூரத்தில் மஞ்சள் பொட்டு.

"என்ன பண்றீங்க?" என்றார் தலைவர். "பிடிங்க!"

"லைசென்ஸ் இல்லாதவன் தொட்டா ஜெயில் சார். வாரியத்தோட விதி."

"அப்ப ரத்தை… ரத்தை ஒத்திவைக்கிறோம்! தரையிறங்கினப்புறம் ரத்து!"

"அதுவும் சரிதான் சார். ஆனா முதல் தீர்மானம் நிக்குதே. சாரதிமேல தப்பு இல்லேன்னு மூணு பேரும் சொல்லியிருக்கீங்க. தப்பு இல்லாத சாரதியை நான் எதுக்குத் தொடணும்?"

பொட்டு டப்பாவாயிற்று. தலைவர் நிபுணரைப் பார்த்தார். "யோவ், கடைசி நொடியில பாத்துக்கும்னியே, பாத்துக்குமா பாத்துக்காதா?"

"சார், நான் சொன்னது பொதுவா…" என்றார் நிபுணர். பிறகு திடீரென்று குழந்தைபோல விசும்பினார். "பாக்காது சார். அதுக்கு வரைபடம்தான் தெரியும். நாம கோடு மாத்தலேன்னா அது மோதும். எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

"மைக்குப் பக்கமா வந்து சொல்லுங்க" என்றார் கேப்டன். "இங்க பேசறதெல்லாம் பதிவாகும். பேரையும் பதவியையும் சேர்த்துச் சொல்லிட்டா நல்லது."

மூவரும் முண்டியடித்துக்கொண்டு சொன்னார்கள். சாரதி மோதியிருக்கும் என்று நிபுணர் சொன்னார். கேப்டன் தொட்டது சரி என்று அம்மாள் சொன்னாள், அடுப்பைத் தொட்டதும் சரி என்று கேட்காமலே சேர்த்துக்கொண்டாள். லைசென்ஸ் செல்லும் என்று தலைவர் சொன்னார். ஓடுபாதை கண்ணாடி முழுக்க விரிந்து வரும்போது, "தொடலாம்! இவர் எப்ப வேணாலும் தொடலாம்! அடுத்த கூட்டம்வரைக்கும் இதுவே விதி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கேப்டன் தொட்டார். இடது பாதையில் விமானம் பூப்போல இறங்கியது.

கீழே நிருபர்கள் காத்திருந்தார்கள். தலைவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கேமராவைக் கண்டதும் நிமிர்ந்தார். "சோதனை முழு வெற்றி" என்றார். "சாரதி தேறிவிட்டது. தொடாமல் பறப்போம்!" நிபுணரும் அம்மாளும் பின்னால் நின்று சிரித்தார்கள். படங்கள் எடுக்கப்பட்டன.

நிருபர்கள் போன பிறகு தலைவர் கேப்டனின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "திரும்பிப் போறப்ப நீங்கதானே ஓட்டறீங்க?"

"நான்தான் சார். அறிவிப்புலயே சொல்வேனே."

"ஓட்டறதைக் கேக்கல." தலைவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தொடுவீங்களா?"

"சாரதி தேறிடுச்சுன்னு இப்பதானே சார் சொன்னீங்க" என்றார் கேப்டன்.

அன்று வாரியம் ரயிலில் ஊர் திரும்பியது. ரயில் நிலையம் போகிற வழியெல்லாம் யார் முதலில் உளறியது என்று சண்டை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் மூவரும் மூன்று பெட்டிகளில் ஏறினார்கள். வண்டி போய்ச் சேரக் காலையாகும். அதுவரை கூட்டம் இல்லை. கூட்டம் கூடினால் முதல் வேலையாக எதை ரத்து செய்வார்கள் என்று கேப்டனுக்கு நன்றாகவே தெரியும்.

அவர் காலி விமானத்தின் படியில் ஏறும்போது பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். ரோலர்காரர். புழுதி அப்பிய சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார்.

"எனக்கும் அந்த ஊருதாங்க. இடம் இருக்குமா?"

"எல்லா இடமும் உங்களுக்குத்தான். வாங்க."

அவர் முதல் வரிசையில், திரும்பும் பயணத்துக்காகத் தலைவருக்கென்று ஒதுக்கியிருந்த இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டார். கேப்டன் தன் இடத்துக்குப் போனார். முழங்காலில் தைத்திருந்த வெள்ளைக் கைகளை ஒரு முறை பார்த்தார். சாரதியை அணைத்தார். இரண்டு கைகளாலும் பிடியைப் பற்றினார். விரல்களில் ரத்தம் ஓடுவது அவருக்கே தெரிந்தது. கண்ணில் நீர் கட்டியது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு கையை எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு பயணி இருந்தாலும் அறிவிப்புச் செய்தே ஆக வேண்டும் என்பது விதி. கேப்டன் மைக்கின் பக்கம் குனிந்தார்.

"பயணியே, உங்கள் விமானத்தைக் கேப்டன் ஓட்டுகிறார்."

சொல்லிவிட்டு ஒரு கணம் திகைத்துப்போனார். வருடக்கணக்காக மனப்பாடமாகச் சொல்லி வந்த அந்த வாக்கியத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பொய் இல்லை.